அகதிகள் வரைந்த வட்டம்

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது காலைக் காப்பி நேரம். சிலர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். தின்ற இட்லியோ பிட்டோ பாணோ, எதுவானாலும், அதை உங்கள் உடல் இந்த நிமிடம் எரித்துக்கொண்டிருக்கிறது. புகை இல்லை, சுடர் இல்லை. உடம்பின் சூடும் கண் இமைப்பதும் நான் பேசுவதும் அந்த எரிப்பின் விளைவுகள். இது எப்படி நடக்கிறது என்று மனிதர்கள் கண்டுபிடித்த கதையைத்தான் இன்று பேசப்போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் உயிர்வேதியியலா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கதையில் வரும் மனிதர்களுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு வட்டம் நினைவிருக்கும். உச்சியில் சிட்ரிக் அமிலம். அங்கிருந்து அம்புக்குறிகள் சுற்றிவந்து ஆக்ஸலோஅசிட்டிக் அமிலத்தில் நின்று, மறுபடியும் சிட்ரிக் அமிலத்துக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த நண்பர்கள் கலம், இழைமணி என்ற சொற்களோடு அதைப் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் எங்களுக்கு செல், மைட்டோகாண்ட்ரியா. படம் ஒன்றுதான். மேலே ‘கிரெப்ஸ் சுழற்சி’ என்று போட்டிருக்கும். தேர்வில் நிச்சயம் வரும் என்று மனப்பாடம் செய்தோம். கிரெப்ஸ் யார் என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாடு விட்டு வந்து பல வருடங்கள் கழித்து அவர் எழுதிய தன்வரலாறு கையில் கிடைத்தபோதுதான் அது ஒரு அகதியின் பெயர் என்று தெரிந்தது. பிறகு அந்தப் பாடத்தில் வரும் மற்றப் பெயர்களையும் தேடிப் பார்த்தேன். பாதிப்பேர் பிறந்த மண்ணில் இல்லை.

முதலில் வழக்கமான தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டியால் சூழப்பட்ட பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடையும் அளந்தார்கள். அதே அளவு கார்பன் டை ஆக்ஸைடு வரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தன. மூச்சு என்பது மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அப்படித்தான். 1794 மே மாதம் புரட்சி அரசு லவாய்சியரின் தலையை வெட்டியது. வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தது அவர்மேல் இருந்த குற்றம்.

எரிதல் என்று சொல்லியாகிவிட்டது. எங்கே எரிகிறது? லவாய்சியர் நுரையீரல் என்று நினைத்தார். பிறகு ரத்தம் என்றார்கள். உடம்பின் ஒவ்வொரு திசுவும் தானே சுவாசிக்கிறது என்பது நிலைபெற பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி ஆயிற்று. எப்படி எரிகிறது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. சர்க்கரையை அடுப்பில் போட்டால் அதன் சக்தி முழுவதும் ஒரே மூச்சில் வெப்பமாகப் போய்விடும். உடலில் முப்பத்தேழு டிகிரியில், தண்ணீருக்குள், ஒன்றும் கருகாமல் அதே சர்க்கரை எரிகிறது. சக்தியில் ஒரு பெரும் பங்கு வேலை செய்யவும் கிடைக்கிறது. நடுவே என்ன நடக்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் தவளையின் தசையோடு மல்லுக்கட்டினார்கள். ஜெர்மனியில் ஓட்டோ மேயர்ஹாஃப், இங்கிலாந்தில் ஏ.வி. ஹில். உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, அதுதான் தசையைச் சுருங்கவைக்கிறது என்பது அன்றைய கொள்கை. 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. கொள்கை அதற்குப் பிறகு பத்து வருடம்கூடத் தாங்கவில்லை.

அதை ஆட்டம் காணவைத்த விஷயம் ஓரளவு நமக்குப் பக்கத்து வீட்டுக்காரரான ஒருவரிடமிருந்து வந்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று சென்னையில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவைசிகிச்சைக்கு வந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்படிச் சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் கடன் வாங்கிய பணத்தோடு பாஸ்டனில் போய் இறங்கினார். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவராக வேலை செய்ய முடியாது. மருத்துவமனையில் இரவு நேர உதவியாளாக நோயாளிகளின் சிறுநீர்ப் பாத்திரங்களைக் கழுவினார், பகலில் ஹார்வர்டில் படித்தார். வந்த புதிதில் பெட்ரோல் பங்கிலோ உணவகத்தின் பின்கட்டிலோ நின்றவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். மேற்கொண்டு நான் விவரிக்கத் தேவையில்லை.

ஹார்வர்டில் அவர் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். திரவத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார்கள். கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. எளிய விஷயம்தான். இன்றும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே பெயர். இதே முறையில் தசைச் சாற்றைச் சோதித்தபோது நீலம் உடனே வரவில்லை. மெல்ல மெல்ல, நிமிடக்கணக்கில் கூடிக்கொண்டே போயிற்று. சோதனை சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பாஸ்பேட் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சோதனையில் ஊற்றும் அமிலம் அதைச் சிறிது சிறிதாகப் பிரிக்கிறது, அதனால்தான் நீலம் தாமதமாக வருகிறது. அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். அதுவரை ஆய்வு செய்தவர்கள் எல்லோரும் சோதனையிலேயே அதை உடைத்துவிட்டுச் சாதாரண பாஸ்பேட் என்று கணக்கில் எழுதியிருந்தார்கள். 1927இல் முடிவு வெளியாயிற்று. அதே வருடம் லண்டனில் எகிள்டன் தம்பதியும் தனியாக அந்தப் பொருளின் தடத்தைப் பிடித்திருந்தார்கள்.

தசை உழைக்கும்போது பாஸ்போகிரியேட்டின் குறைகிறது, ஓய்வெடுக்கும்போது மறுபடி நிறைகிறது. 1930இல் கோபன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட் என்பவர் தசைக்கு நஞ்சு கொடுத்து லாக்டிக் அமிலமே உண்டாகாமல் செய்தார். தசை அப்போதும் சுருங்கியது. ஹில் தன் கொள்கை உடைந்ததை மறைக்கவில்லை. தசை ஆய்வில் ஒரு புரட்சி நடந்துவிட்டது என்று அவரே கட்டுரை எழுதினார். பரிசு வாங்கிய பிறகு இப்படி எழுத மனது வேண்டும்.

இதற்கு நடுவில், 1929இல், மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமனும் பாஸ்டனில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசைக்குள் இன்னொரு பொருளைக் கண்டார்கள். அதுதான் ஏடிபி. அடினோசினோடு வரிசையாக மூன்று பாஸ்பேட். உணவிலிருந்து வரும் சக்தியைச் செல் இதில்தான் ஏற்றிவைக்கிறது. கடைசிப் பாஸ்பேட் கழன்றால் ஒரு வேலைக்கு வேண்டிய சக்தி கிடைக்கும். பெரிய நோட்டை வைத்துக்கொண்டு பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்க முடியாது இல்லையா, ஏடிபி அங்கே செல்லும் சில்லறை. ஆனால் சேர்த்துவைக்கும் சில்லறை கிடையாது. நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி மிகக் குறைவு. அதுவே திரும்பத் திரும்ப உடைந்து நிரம்புவதால், ஒரு நாளில் புழங்கும் ஏடிபி ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும் என்று கணக்கிடுகிறார்கள்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை அங்கே அவருடைய குழுவில் பிறந்தது. அமெரிக்கா அவரைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946இல்தான் சட்டம் மாறியது. 1948 ஆகஸ்டில் அவர் அயல்நாட்டவராகவே இறந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியை அதற்குள் ஒருமுறையும் போய்ப் பார்க்கவில்லை.

இனி கிரெப்ஸ்.

ஏடிபி உடைவது தெரிந்துவிட்டது. அதை மறுபடி நிரப்பும் நெருப்பு எங்கே? சர்க்கரை இரண்டாக உடைந்து பைருவிக் அமிலமாகும் வரையுள்ள பாதையை மேயர்ஹாஃபும் மற்றவர்களும் படிப்படியாக வரைந்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, கிடைக்கும் சக்தியும் கொஞ்சம்தான். ஆக்சிஜன் நுழையும் இடம் இருட்டாக இருந்தது.

ஹான்ஸ் கிரெப்ஸ் 1900இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கிடம் நான்கு வருடம் வேலை பார்த்தார். வார்பர்க் பெரிய மேதை, அதைவிடப் பெரிய முசுடு. ஆய்வில் கிரெப்ஸுக்கு எதிர்காலம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. ஆனால் கிரெப்ஸ் அவரிடமிருந்து ஒரு கருவியைக் கற்றுக்கொண்டு வந்தார். வெந்நீர்த் தொட்டியில் ஆடிக்கொண்டே இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி. அதற்குள் உப்புக்கரைசல், அதில் மெல்லிய திசுத் துண்டு. வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடை நடுக் கிண்ணத்தில் உள்ள காரம் உறிஞ்சிக்கொள்ளும். திசு ஆக்சிஜனை எடுக்க எடுக்க, குப்பியோடு இணைந்த வளைகுழாயில் திரவம் ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்தால் திசு எவ்வளவு சுவாசித்தது என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் மூச்சைப் படித்தது அந்தக் குழாயில்தான்.

ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு, கல்லீரல் யூரியாவை உண்டாக்குவது ஒரு சுழற்சியில் என்று மாணவர் குர்ட் ஹென்சலைட்டோடு சேர்ந்து 1932இல் காட்டினார். ஒரே வருடத்தில் உலகம் அறிந்த பெயர் ஆகிவிட்டார். அடுத்த ஏப்ரலில் ஹிட்லரின் அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை போயிற்று. அதே மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவர் தத்துவவாதி ஹைடெக்கர். நம் சிற்றிதழ்களில் ஹைடெக்கரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்த ஏப்ரலைப் பற்றி அவ்வளவு எழுதியதில்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து ஹாப்கின்ஸ் அழைத்தார். வைட்டமின் ஆய்வுக்காக நோபல் பெற்றவர் அவர். 1933 ஜூனில் கிரெப்ஸ் இங்கிலாந்து வந்தார். கருவிகளைக் கையோடு எடுத்துப்போக அனுமதி கிடைத்திருந்தது. நாட்டைவிட்டுப் போகும்போது எதை எடுத்துப்போவது என்று நம்மில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் முடிவெடுத்திருக்கின்றன. போட்டோ ஆல்பமா, நகையா, பிள்ளைகளின் சான்றிதழா? அவர் தன் அழுத்தமானிகளைக் கொண்டுவந்தார்.

அதே வருடம் பிரிட்டனில் வேலையிழந்த ஜெர்மானிய அறிஞர்களுக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கியது. முன்னின்று உழைத்தவர்களில் நாம் முன்பு பார்த்த ஏ.வி. ஹில் ஒருவர். தவளைத் தசையில் சக்தியை அளந்த மனிதர் இப்போது அகதிகளுக்கு வேலை தேடிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

1935இல் கிரெப்ஸ் ஷெஃபீல்டுக்குப் போனார். எஃகு ஆலைகளின் ஊர். மருந்தியல் துறையில் விரிவுரையாளர் வேலை. கேம்பிரிட்ஜின் பெருமை இல்லாவிட்டாலும் இடம் தாராளமாக இருந்தது. வில்லியம் ஜான்சன் என்ற ஆய்வு மாணவரோடு புறாவின் நெஞ்சுத் தசையை எடுத்துக்கொண்டார். பறப்பதற்கான தசை, வேகமாகச் சுவாசிக்கும். ஹங்கேரியின் செண்ட்-ஜியார்ஜி அதற்கு முன்பே இதே தசையில், சக்சினிக், மாலிக் போன்ற நான்கு கார்பன் அமிலங்களைச் சிறிது சேர்த்தால் சுவாசம் தூண்டப்படுகிறது என்று கண்டிருந்தார். 1937இல் டூபிங்கனில் மார்ட்டியஸும் நூப்பும் சிட்ரிக் அமிலம் உடைந்து என்னவாகிறது என்று காட்டினார்கள். துண்டு துண்டாகச் செய்திகள் இருந்தன, கோர்வை இல்லை.

கிரெப்ஸ் தசையில் துளி சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்தார். திரவம் ஏறியது. அந்தத் துளி முழுவதும் எரிந்து தீர்ந்தாலும் செலவாகியிருக்க முடியாத அளவு ஆக்சிஜன் உள்ளே போயிருந்தது. அப்படியானால் சிட்ரிக் அமிலம் விறகாக எரியவில்லை. வேறு எதையோ எரிக்க உதவிவிட்டுத் திரும்பி வருகிறது. எப்படித் திரும்ப முடியும்? அடுத்த சோதனையில் ஆக்ஸலோஅசிட்டிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். தசை அதிலிருந்து சிட்ரிக் அமிலத்தைச் செய்தது. வட்டம் மூடிக்கொண்டது.

கமலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சால் கிணற்றுக்குள் இறங்கி நீரை மொண்டு, மேலே வந்து கொட்டிவிட்டு, வெறுஞ்சாலாக மறுபடி இறங்கும். இங்கே நான்கு கார்பன் உள்ள ஆக்ஸலோஅசிட்டிக் அமிலம்தான் வெறுஞ்சால். உணவிலிருந்து வந்த இரண்டு கார்பனை அது ஏற்றிக்கொண்டு ஆறு கார்பன் உள்ள சிட்ரிக் அமிலம் ஆகிறது. சுற்றி வரும் வழியில் இரண்டு கார்பன் கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேறுகிறது. மறுபடி நான்கு. நாம் வெளிவிடும் மூச்சின் கார்பன் பெரும்பாலும் இந்தச் சுற்றில் கழன்றதுதான். நாம் உள்ளிழுத்த ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்ஸைடாகத் திரும்புகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. அந்த ஆக்சிஜன் வேறோர் இடத்தில் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது.

1937 ஜூனில் கிரெப்ஸ் இந்தக் கண்டுபிடிப்பைக் கடிதமாக எழுதி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். சில நாட்களில் பதில் வந்தது. ஏழெட்டு வாரங்களுக்குப் போதுமான கடிதங்கள் கைவசம் இருக்கின்றன, தாமதம் பரவாயில்லை என்றால் வைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற பொருளில். கட்டுரை ஹாலந்திலிருந்து வந்த ‘என்சைமோலோஜியா’ இதழில் இரண்டே மாதத்தில் வெளியாயிற்று. இதழுக்குக் கதை அனுப்பித் திரும்பப் பெற்ற நண்பர்கள் இங்கே சிரிப்பது தெரிகிறது. கிரெப்ஸ் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.

1953இல் கிரெப்ஸும் ஃபிரிட்ஸ் லிப்மனும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். வட்டத்துக்குள் நுழையும் இரண்டு கார்பனை ஏந்திவரும் துணைநொதியைக் கண்டவர் லிப்மன். கோனிக்ஸ்பர்க்கில் பிறந்து, மேயர்ஹாஃபிடம் பயின்று, கோபன்ஹேகன் போய், 1939இல் அங்கிருந்தும் கிளம்பி அமெரிக்கா சேர்ந்தவர். பிறந்த நகரம் போருக்குப் பிறகு ரஷ்யாவிடம் போய்ப் பெயரே மாறிவிட்டது. மேயர்ஹாஃபோ 1938 வரை ஹைடல்பர்கில் தாக்குப்பிடித்தார். பிறகு பாரிசுக்கு ஓடினார். 1940இல் ஜெர்மன் படை பாரிசுக்கும் வந்தது. ஐம்பத்தாறு வயதில் பிரெனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயின் வழியாகத் தப்பி ஃபிலடெல்பியா போய்ச் சேர்ந்தார்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டத்தில் கழலும் ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜன் வரை போகும் வழியைக் காட்டியவர் டேவிட் கெய்லின். மாஸ்கோவில் போலந்துக் குடும்பத்தில் பிறந்து, வார்சாவில் வளர்ந்து, 1915இல் கேம்பிரிட்ஜ் வந்த பூச்சியியலாளர். ஈஸ்ட் கரைசலை நிறமாலைக் கருவியின் முன்னால் பிடித்தபோது நான்கு கரும்பட்டைகள் தெரிந்தன. குலுக்கியதும் மறைந்தன. சும்மா வைத்ததும் திரும்பின. காற்று பட்டால் ஆக்சிஜனேற்றம், காற்று தீர்ந்தால் பழைய நிலை. செல் மூச்சு விடுவதை ஒருவர் கண்ணெதிரே பார்த்த தருணம் அது. அந்த நிறமிகளுக்கு சைட்டோகுரோம் என்று 1925இல் பெயர் வைத்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்துமா. நாற்பது வருடம் முன்பே மக்மன் என்ற ஐரிஷ் மருத்துவர் அந்தப் பட்டைகளைப் பார்த்திருந்தார், பெரிய பேராசிரியர் ஒருவர் மறுத்ததால் அது மறக்கப்பட்டிருந்தது. கெய்லின் அவர் பெயரை மீட்டுத் தந்தார்.

அந்த எலக்ட்ரான் ஓட்டத்திலிருந்து ஏடிபி எப்படி நிரம்புகிறது என்பதை 1961இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான்கள் அணை நீர்போலத் தேங்குகின்றன, மதகு வழியாகப் பாயும்போது ஏடிபி உண்டாகிறது என்றார். நோயால் வேலையை விட்டுவிட்டு, கார்ன்வாலில் பாழடைந்த மாளிகை ஒன்றைப் புதுப்பித்து, பசு வளர்த்துக்கொண்டு அங்கேயே ஆய்வு செய்தவர். 1974இல் ராக்கரும் ஸ்டோக்கெனியஸும் செயற்கைக் குமிழி ஒன்றில் பாக்டீரியாவின் ஒளிப் புரதத்தையும் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த நொதியையும் பொருத்தி விளக்கைப் போட்டார்கள். ஏடிபி வந்தது. எதிர்த்தவர்களில் பலர் அதோடு அடங்கினார்கள். 1978இல் மிட்செலுக்கு நோபல். எஃப்ராயிம் ராக்கர் வியன்னாவில் வளர்ந்தவர், ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938இல் அங்கிருந்து தப்பியவர் என்பதைச் சொன்னால் இனி நீங்கள் வியக்கமாட்டீர்கள்.

எல்லோரும் ஓடவில்லை. வார்பர்க்கின் தந்தை வழி யூத வழி. ஆனாலும் அவர் ஜெர்மனியை விட்டு அசையவில்லை, போர் முழுவதும் அங்கேயே இருந்தார். லோமனும் ஜெர்மனியில்தான் இருந்தார். அவர்களை வைத்து வேறோர் உரை பேசலாம்.

கிரெப்ஸ் 1981இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். ஏழு வருடம் கழித்து, அவருடைய கடிதத்தைத் திருப்பியதுதான் தங்கள் இதழ் செய்த படுமோசமான தவறு என்று ‘நேச்சர்’ பக்கங்களிலேயே பெயரிடாமல் ஒருவர் எழுதினார். 2015 ஜூலையில் அவருடைய நோபல் பதக்கம் லண்டனில் ஏலத்துக்கு வந்து 2,75,000 பவுனுக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆய்வு மாணவர்களுக்கும், சொந்த நாட்டைவிட்டு ஓடிவர நேர்ந்த விஞ்ஞானிகளுக்கும் அது உதவுகிறது.